இறங்கும்போது தைவதம்

பதினாறாம் எண்ணுக்கு மார்க் போட்டாயிற்று. நல்ல குரல்தான், ஆனால் கவலையில்லாத குரல், எங்கே போய் முட்டினாலும் சிரித்துக்கொண்டே எழுந்து வருகிற குரல், நூற்றுக்கு அறுபத்தைந்துக்கு மேல் போட மனசு வரவில்லை. அடுத்தது பதினேழு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, யாரிடம் கற்றுக்கொள்கிறது என்பது கிடையாது, முகமும் கிடையாது. வீடியோ வேண்டாம், ஒலிப்பதிவு மட்டும் அனுப்பட்டும், எண் மட்டும் இருக்கட்டும் என்று சபா செயலாளர் முத்துக்கருப்பனிடம் அடித்துச் சொன்னது நான்தான். பட்டுப்பாவாடையையும் அப்பாவின் உத்தியோகத்தையும் பார்த்து மார்க் போடுகிறவர்களோடு எத்தனையோ போட்டிகளில் உட்கார்ந்து அலுத்துப்போனவள் நான். "நீங்க சொன்னாச் சரி மேடம், உங்க காதுக்கு மேல என்ன இருக்கு" என்றார். என் காது. இசைக் கல்லூரியில் அத்தனை வருஷம் வயலின் சொல்லிக்கொடுத்தவளைப் பற்றி மதுரையில் ஒருவரும் அங்கயற்கண்ணியின் வில் என்று பேசுவதில்லை, அங்கயற்கண்ணியின் காது என்றுதான் பேசுவார்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார் என்று ஒரு கேலிகூட உண்டு. மின்விசிறியை நிறுத்தியிருக்கிறேன், அதன் இரைச்சல் ஹெட்போனைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. காதைச் சுற்றி வேர்வை. எல்லிஸ் நகரில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் சத்தமும் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளும். கீழ்வீட்டில் டைல்ஸ் அறுக்கிறவர்கள்கூடச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று பதிவு, வர்ணம் ஒன்று, கீர்த்தனை ஒன்று, கொஞ்சம் ஆலாபனை, எல்லாம் பைரவி ராகத்தில். சாயங்காலத்துக்குள் மார்க் போய்ச்சேர வேண்டும். முதல் பதிவை ஓடவிட்டேன்.

பெண்பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். செல்போனில் ஓடுகிற தம்புரா, சாத்தின அறையின் அடைசல், தூரத்தில் எங்கோ ஒரு தெருநாய், பிறகு குரல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வயதுக் குரலில் இருக்கிற ஈரம் எதுவும் இல்லை, கம்பியை இழுத்துக் கட்டின மாதிரி நின்றது, ஒவ்வொரு அசைவும் அளவெடுத்த அசைவு. முதல் வரி முடிவதற்குள் இந்தப் போட்டியில் இதுதான் முதல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எனக்கு வயிறு இறுகியது. தப்பு வரப்போகிற இடம் எனக்கு முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் அதை ஞானம் என்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன், உண்மையில் அது காதில் தெரிவதில்லை, தொப்புளுக்கு மேலே ஒரு கை உள்ளே நுழைந்து பிடித்துக்கொள்கிற மாதிரித் தெரியும். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது இன்னொரு தைவதம், தாழ்ந்தது. ஏறினபோது பாடினதன் ஞாபகம் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இறங்கும்போது ஸ்வரம் ஒரு மயிரிழை தூக்கிக்கொள்ளும். பேர் வாங்கினவர்களுக்கே தூக்கிக்கொள்ளும். இதோ இறங்குகிறாள், தூக்கப்போகிறாள் என்று வயிறு சொன்னது. தூக்கினாள். மயிரிழைதான். உடனே சட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பாட்டு நிற்கவில்லை, அடுத்த தடவை அதே இடத்துக்கு வந்தபோது தைவதம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, கத்தியால் வெட்டி வைத்த மாதிரி இருந்தது.

தாளம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாடுகிறவர்கள் தொடையில் கை தட்டித் தாளம் போடுவார்கள், அதுவும் பதிவில் விழும், இதிலும் விழுந்திருந்தது, மெத்தென்று, ஒழுங்காக. இந்தச் சத்தம் மெல்லியது, காய்ந்தது, இரண்டு தட்டுக்கு நடுவில் எந்தக் கணக்கிலும் சேராமல் வந்தது. ஜன்னல் கொக்கியாக இருக்கலாம். பல்லி விழுந்திருக்கலாம். நான் எதற்கு இதைப் போய்ப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சுருதிக்கு மார்க் போடு, லயத்துக்கு மார்க் போடு, அடுத்த பதிவுக்குப் போ. போனேன். கீர்த்தனை. இரண்டாவது அடியில் மூச்சு போதாமல் ஒரு சொல்லை விழுங்கினாள், சட். சரணத்தில் எடுப்பு தாளத்துக்கு ஒரு துளி தள்ளிப்போயிற்று, சட். திருப்பி வைத்துக் கேட்டேன். ஒரு தப்பு, ஒரு சத்தம். தப்பு இல்லாத இடத்தில் சத்தமும் இல்லை. மறுபடியும் வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு. நாற்பது வருஷமாக வயலின் கட்டையோடு வாழ்கிறவளுக்கு ஒரு பொருள் எதன்மேல் விழுகிறது என்று தெரியாதா. மரத்தில் பட்டால் ஒலி ஒரு கணமாவது நிற்கும், தரையில் பட்டால் சிதறும், துணியில் பட்டால் அமுங்கும். சதையில் பட்டால் நிற்காது, சதை அதைக் குடித்துவிடும். இது குடிக்கப்பட்ட ஒலி. இல்லை, எனக்கு வயதாகிறது, தனியாக இருக்கிறேன், காலையிலிருந்து ஹெட்போனுக்குள்ளேயே கிடக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன், சொம்பைக் கீழே வைத்தபோது அந்தச் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. மூன்றாவது பதிவில் ஆலாபனை, அதில் அந்தச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. வரவில்லையே என்று நான் தவித்தேன், ஏனென்றால் தப்பு வந்தது, இரண்டு இடத்தில், மூன்று இடத்தில், சிறிசு சிறிசாக. ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கடைசி ஸட்ஜத்தில் நின்று பாட்டை முடித்தாள். முடித்த பிறகும் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் சட், சட், சட். நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாக. அதோடு பதிவு முடிந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் முகம் எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவன். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலை மடக்கி உட்கார்ந்து, கோபமே இல்லாத முகத்தோடு, கோபம் இருந்தால்கூடத் தேவலை. நான் எவனையும் கற்பனை செய்யவில்லை, அது என் அப்பா. ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆபீசிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிற அப்பா. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, ஒரு வரி சுருதியில் நிற்காது, ஆனால் சிகாமணி அண்ணனை வித்வானாக்கியே தீருவது என்று இருந்தார். மடியில் ஆபீசிலிருந்து கொண்டுவந்த ரூல் தடி. பாட்டுவாத்தியார் காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், சாயங்காலம் அப்பா கேட்பார். எனக்கு அங்கே வேலை இல்லை. பெண்ணுக்கு எதற்குப் பாட்டு. நான் அடுக்களை வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன், அண்ணன் பாடுவான், இதோ அந்த இடம் வரப்போகிறது, நேற்று விட்ட இடம், முருகா இன்றைக்கு விடாமல் இருக்கட்டும் என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வேன், விடுவான். கெண்டைக்காலில் விழும். அண்ணன் கத்தமாட்டான், கத்தினால் சுருதி கலையும் என்று இன்னொன்று உண்டு. அம்மா பம்ப் ஸ்டவ்வை இன்னும் இரண்டு தடவை அடிப்பாள், அது உஸ்ஸென்று இரைந்து கூடத்துச் சத்தத்தை மூடிக்கொள்ளும், ஆனால் எனக்குக் கேட்கும், ஸ்டவ் இரைச்சலுக்குள்ளேயும் எந்த ஸ்வரம் ஆடுகிறது என்று கேட்கும், கேட்டே ஆக வேண்டும். வயலின் பிறகு வந்தது, அதற்கு முன்னால் யாரும் எனக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் காலில் விழுந்த இடமெல்லாம் எனக்குப் பாடம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாராட்டு விழாவில் சொல்கிற விஷயமா இது. மேடத்தின் அபூர்வமான காது.

சரி, இப்போது என்ன செய்வது. மார்க் போட வேண்டும். முதல் பரிசு இவளுக்குத்தான், சந்தேகமே இல்லை, தொண்ணூற்றைந்துகூடப் போடலாம். போட்டால் அந்த அரைக்கைச் சட்டை என்ன நினைக்கும். பார்த்தாயா, அடித்ததால்தான் வந்தது என்று நினைக்கும், பரிசைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த போட்டிக்கு உட்கார வைக்கும். குறைத்துப் போட்டால்? எங்கே குறைந்தது என்று தேடும், ஒவ்வொரு குறைந்த மார்க்கும் அந்தப் பிள்ளையின் தொடையில் விழும், நானே இங்கே எல்லிஸ் நகரிலிருந்து கையை நீட்டி அடித்த மாதிரி. மார்க்கே போடாமல் விட்டால்? ஏன் விட்டார்கள், நீ என்ன தப்பு செய்தாய் என்று கேட்கும். எந்தப் பக்கம் போனாலும் சட். ஒருவேளை எல்லாம் என் பிரமையாக இருந்தால், ஒரு நல்ல குடும்பத்தை, ஒரு பாவப்பட்ட மனுஷனை, இந்தக் கிழவி பைத்தியம் பிடித்து. கீழே டைல்ஸ் அறுக்கிறவர்கள் திரும்பி வந்து மெஷினைப் போட்டார்கள், கீ என்று எழும்பிய அந்தச் சத்தம் எந்த ஸ்வரத்திலும் இல்லாமல் பல்லுக்குள் போயிற்று. அண்ணனுக்குப் போன் செய்தேன். திண்டுக்கல்லில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டில் ரேடியோ கிடையாது, மார்கழியில் கோயில் குழாய் கட்டினால் ஜன்னலைச் சாத்திக்கொள்வான், என் கச்சேரி ஒன்றுக்குக்கூட வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

"என்னம்மா, இந்நேரத்துல?" என்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பா உன்னைய…" "கடையில ஆள் நிக்கிறாங்க, என்னன்னு சொல்லு" என்றான். சொன்னேன். பதினேழாம் எண், சத்தம், மார்க், எல்லாவற்றையும். யாரிடமோ பில் அப்புறம் தருகிறேன் என்று சொல்வது கேட்டது, பிறகு சத்தம் குறைந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டான் போல. "பரிசு வாங்குன அன்னைக்குத்தான் ஜாஸ்தி" என்றான். "எது?" "அடிதான். பரிசு வாங்கிட்டு வந்தா, இவ்வளவு தெரிஞ்சவன் ஏன்டா அந்த ஒரு எடத்துல விட்டேன்னு." எனக்கு அது ஞாபகம் இல்லை. அண்ணன் பரிசு வாங்கின நாளில் வீட்டில் கேசரி கிண்டினது மட்டும்தான் ஞாபகம். "அப்ப பரிசு குடுக்க வேணாமாண்ணே?" "குடு, குடுக்காமப் போ, அதுல என்ன இருக்கு. எதுத்த வீட்டுல ஒரு ரயில் கார்டு இருந்தாரே, சாமுவேல் சார், ஞாபகம் இருக்கா?" இருந்தது. வெள்ளைப் பேண்ட், கையில் எப்போதும் பச்சைக்கொடி சிவப்புக்கொடி சுருட்டி வைத்த உறை. "அவருக்கு எல்லாம் கேக்கும். அவங்க வீட்டு ஜன்னலுக்கும் நம்ம கூடத்துக்கும் நடுவுல என்ன இருந்துச்சு. ஒருநாள் படியேறி வந்தாரு. அப்பா தடியைப் பாய்க்குக் கீழ வச்சாரு. வந்துட்டாரு, இன்னையோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். வாசல்ல நின்னு, பையன் ரொம்ப நல்லாப் பாடுறான் சார்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு." அண்ணன் சிரித்தான், சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "வைக்கிறேன்மா, ஆள் நிக்கிறாங்க" என்றான்.

நல்லாப் பாடுறான் சார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. நான் முத்துக்கருப்பனைக் கூப்பிட்டு பதினேழாம் எண்ணின் பெயரும் போன் நம்பரும் வேண்டும் என்றேன். "என்ன மேடம், பேரு தெரியக்கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதானே" என்றார். ஆமாம், நான்தான். "பதிவுல ஒரு சத்தம் இருக்கு, அதைப் பத்திக் கேக்கணும்." "சத்தம்னா தள்ளிடுங்க மேடம், ஆறு மணிக்கு ரிசல்ட் போட்டாகணும், பத்திரிகைக்கெல்லாம் சொல்லியாச்சு." "நம்பர் குடுத்தாத்தான் மார்க் வரும்" என்றேன், என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கொடுத்தார். சுபிக்ஷா, ஏழாம் வகுப்பு, கோச்சடை, அப்பா பெயர் பெருமாள்சாமி. கோச்சடை. இங்கிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம் இருக்குமா. ஆயிரம் மைலுக்கு அப்பால் என்று ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணை ஒற்றினேன். பேனா வைத்த சட்டைப்பையிலிருந்து போன் எடுக்கப்படுவது கண்ணுக்குள் தெரிந்தது, அறுபத்திரண்டு வயதில் அப்பாவோடு பேசப்போகிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க, யாரு?" பின்னால் பஸ் ஹாரன், தேனி தேனி தேனி என்று ஒரு குரல், முறுக்கு விற்கிறவன் குரல். யார் என்று சொன்னேன். "ஐயோ, மேடம், வணக்கம் மேடம்" என்றார், பதறிப்போன, இளகின குரல், என் அப்பாவின் குரலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "நான் கண்டக்டருங்க மேடம், டூட்டியில இருக்கேன், வண்டி எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, சொல்லுங்க. பாப்பா எதுவும் தப்பாப் பாடிட்டாளா?" இந்தக் குரலை நம்பக்கூடாது, அப்பாவும் வெளியாட்களிடம் இப்படித்தான் பேசுவார், இல்லை, அப்பா இப்படிப் பேசினதே இல்லை. "பதிவு பண்ணும்போது நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டேன். "நானா? எனக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க மேடம். எங்க வம்சத்துலயே யாருக்கும் தெரியாது. அவளா ஸ்கூல்ல கேட்டு ஆசைப்பட்டா. நான் ராத்திரிதான் வருவேன், அவ அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், சாயங்காலம் வரும். ஸ்கூல் லீவு விட்டதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் கதவைச் சாத்திக்கிட்டு அவளேதான் உக்காந்து பதிவு பண்ணுவா." "வீட்டுல வேற யாரு இருப்பா?" "யாரும் இல்லைங்க மேடம். அவ மட்டும்தான்." யாரும் இல்லை. அரைக்கைச் சட்டை எழுந்து போய்விட்டது, இரண்டு பேனாவும் போய்விட்டன, அறையில் நாற்காலி காலி. சட்டென்று இன்னும் பயமாகிவிட்டது. அப்படியானால் அது யார், யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து உட்காருகிறவன் எவன் என்று ஓடின மனசு ஓடின வேகத்தில் போய் ஒரு இடத்தில் நின்றது. வலது கை தாளம் போடுகிறது. இடது கை சும்மா இருக்கிறது. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் பெருமாள்சாமி. வீட்டில் அவளிடம் இருக்கிற போனின் நம்பரைக் கேட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "வணக்கம், சுபிக்ஷா பேசுறேன்." பேச்சுக்குரல் பாட்டுக்குரல் மாதிரி இல்லை, சின்னது, மூக்கடைத்த மாதிரி. நான் பாட்டுப் போட்டி நடுவர் என்றேன். என்ன கேட்பது. நேராகக் கேட்டால் மூடிக்கொள்வாள், சுற்றிக் கேட்டால் புரிந்துகொண்டு மூடிக்கொள்வாள். "உன் பாட்டு மூணும் கேட்டேன்மா. பின்னால ஒரு சத்தம் வருது, அது என்ன?" "அது தாளம் மேடம்." "தாளம் இல்லை." "பதிவுல விழுமா மேடம்?" என்றாள். "மெதுவாத்தான் மேடம் போட்டேன். சத்தம் வந்ததுக்கு மார்க் குறையுமா?" குறையாது என்றேன். என்ன அது என்றேன். "ஸ்கேலு மேடம்." "யாரு அடிக்கிறா?" "யாரும் இல்ல மேடம். நான்தான்." நான் ஏன் என்று கேட்பதற்குள் அவளாகவே சொன்னாள், கணக்கு டீச்சரிடம் விடை சொல்கிற மாதிரி ஒழுங்காகச் சொன்னாள். "முன்னாடி பாட்டு மிஸ் அடிப்பாங்க. ஒரு தப்புக்கு ஒண்ணு. அப்ப நல்லா வந்துச்சு. மிஸ் கோயம்புத்தூர் போயிட்டாங்க, இப்ப போன்லதான் கிளாஸ், போன்ல எப்படி அடிக்க முடியும். தப்பு வர ஆரம்பிச்சிருச்சு. அதான் நானே. ஆலாபனையில நடுவுல அடிச்சா ராக பாவம் கெட்டுப்போகும்ல, அதனால கடைசியில சேத்துப் போட்டுக்கிட்டேன்." அப்பா அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். "சொல்லாதீங்க மேடம். பாட்டை நிறுத்திருவாங்க."

"ஸ்கேல் இப்ப எங்க இருக்கு?" "கையில மேடம்." பாடவே இல்லை, போன்தான் பேசுகிறாள், எதற்குக் கையில் இருக்கிறது. கீழே வை என்றேன். வைத்தாளோ என்னவோ. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நான் குழந்தை பெற்றவள் இல்லை, மாணவிகளைத் தலையைத் தடவிப் பேசினவளும் இல்லை, தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். இறங்கும்போது தைவதம் எல்லாருக்கும் தூக்கும்மா, எனக்கே தூக்கும், கேளு, என்று சொல்லிவிட்டு, போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு பாடினேன். மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கி, தாழ வேண்டிய தைவதத்தை வேண்டுமென்றே தூக்கி வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே. தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, பிடித்துத் தள்ளி அந்தத் தப்பான இடத்தில் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து சட்.

"அது நான் பண்ணின தப்பு" என்றேன், கத்தினேனோ என்னவோ. "தெரியும் மேடம்" என்றாள் சுபிக்ஷா. "கை தானாப் போயிருச்சு." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன், போனை வைக்காதே, நான் வருகிறேன், கதவைத் திறக்கும்வரை வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். டைல்ஸ் தூசிக்குள் நடந்து தெருவுக்கு வந்து ஆட்டோ பிடித்தேன். காளவாசல் சிக்னலில் ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது, இடது காதில் அவள் மூச்சு கேட்டது, வலது காதில் ஊரே இரைந்தது. நடுவில் முத்துக்கருப்பன் கூப்பிட்டார், எடுக்கவில்லை, மறுபடி கூப்பிட்டார். என்ன சொல்வாய் அங்கே போய், வாசலில் நின்று நீ நல்லாப் பாடுறம்மா என்று சொல்லிவிட்டு இறங்கி வருவாயா. பேசிக்கொண்டே இரு என்றேன் அவளிடம், என்ன பேச மேடம் என்றாள், என்ன சாப்பிட்டாய் என்றேன், தக்காளி சாதம் என்றாள். மாடி வீடு, பச்சைக் கதவு என்று வழி சொன்னாள். திறந்தாள். நைந்துபோன சுடிதார், எண்ணெய் தடவின ரெட்டைச் சடை, நான் நினைத்ததைவிடக் குட்டை. வலது கையில் போன், அதைக் காதிலிருந்து எடுக்காமலே எனக்கு நேராக "வணக்கம் மேடம்" என்றாள், இரண்டு பக்கமும் கேட்டது. இடது தொடையில் பேண்ட் துணி ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் அம்மா பார்க்கட்டும், நர்ஸுக்குப் பார்க்கத் தெரியும்.

பாயில் உட்கார்ந்தோம். அம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டேன், இப்ப வந்துருவாங்க என்றாள், சொல்லப்போறீங்களா என்றாள், ஆமாம் என்றேன். அழவில்லை. நான் சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரியும், அதற்கும் எங்கோ ஒரு கணக்கு எழுதிக்கொண்ட மாதிரியும் இருந்தது அந்த முகம். பாட்டை நிறுத்த விடமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன், வாரத்துக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் நான் வருகிறேன் என்றேன், அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் இடது கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. "மேடம், எனக்கு எத்தனை மார்க்?" என்றாள். இன்னும் போடவில்லை என்றேன். பிறகு வேறு எதுவும் தோன்றாமல் பாட ஆரம்பித்தேன், பைரவிதான், மெதுவாக, இறங்குகிற இடத்தில் தப்பான தைவதம். என் கைக்குள் அந்தக் கை துள்ளியது, மீன் மாதிரி, அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் பாடினேன், மறுபடியும் தப்பு, மறுபடியும் துள்ளல். என் மடியில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது, ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது, நான் பாட்டை விடவில்லை, ஊரே பயப்படுகிற காதை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவையோ, துள்ளல் கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். மாடிப்படியில் அவள் அம்மாவின் காலடி கேட்டது, பையைத் தோளிலிருந்து இறக்குகிற சத்தம் கேட்டது. நான் கையை விடவில்லை.